ஈரச் சாக்கு

"ஏத்தா, ஒரு வெடி வெடிச்சு முடியதுக்குள்ள ஒன் லேசரு எத்தன தடவ மின்னும்?" என்று அழகுமீனாவிடம் அவள் அண்ணன் கோட்டைச்சாமி ஒருமுறை கேட்டான்.

"லட்சக்கணக்குல."

"சத்தம் வருமா?"

"வராது."

"அப்ப தீபாவளிக்கு ஆகாது" என்று சிரித்தான். பேச்சு அதோடு முடிந்தது.

அலுமினியப் பொடியில் ஈரம் பட்ட கணத்தில் உள்ளே என்ன முறிகிறது என்பதை அந்த மின்னலில் பிடிப்பதுதான் பெங்களூரில் அவள் ஆராய்ச்சி. அதை அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். திங்கட்கிழமை காலை அவன் வெடிமருந்து அறையைத் திறந்ததும் வெடித்தது; சாக்கில்தான் அள்ளி வந்தார்கள். அதே தெருவில் இருக்கும் புகழேந்தியின் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள்; பக்கத்தில் நின்ற அவளும் போய்ச் சேர்ந்தாள்.

"எம்புட்டுக் கவனமான மனுசன் தெரியுமா?" பெங்களூரிலிருந்து வந்திறங்கிய அழகுமீனாவிடம் மதினி நாகஜோதி அழுதாள். "சனிக்கிழமை மிஞ்சுன மருந்துல பொறி கிறி விழுந்துறக் கூடாதுன்னு, ஈரச் சாக்கப் போட்டு மூடிட்டுத்தான் வந்தாக."

"ஈரச் சாக்கா, மதினி?" என்றாள் அழகுமீனா.

அப்போது தெருவில் அலறல் கேட்டது. லோடு ஏற்றும் பால்பாண்டியை மின்கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். புகழேந்தி கையில் இரும்புக் கம்பி.

"பீடியோடதானலே உள்ள போன?"

"நான் அந்தப் பக்கமே போகலண்ணே." பல்லோடு ரத்தத்தைத் துப்பினான்.

கம்பி முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"இன்னும் போடுங்க" என்றாள் வாசலில் நின்ற நாகஜோதி. "என் தாலிய அறுத்த பய."

புகழேந்தி பெட்ரோல் கேனைத் திறந்து அவன் தலையில் கவிழ்த்தான். தீப்பெட்டியை எடுத்தபோது அழகுமீனா ஓடிப் போய்க் குறுக்கே விழுந்தாள். யாரோ ஓங்கிய கட்டை அவள் தோளில் விழுந்தது.

"அவன் இல்ல. அந்த மருந்துல இருக்க அலுமினியப் பொடிக்குத் தண்ணிதான் தீ. ஈரச் சாக்கப் போட்டு மூடியிருக்கு. ஞாயித்துக்கிழமை பூராவும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே கெடந்திருக்கு."

"சாக்கு போட்டது எவன்?"

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. "எங்கண்ணன்."

புகழேந்தி அவளை மயிரைப் பிடித்து இழுத்து எறிந்தான். வீட்டுக்குள் புகுந்து, மாலை போட்டிருந்த கோட்டைச்சாமியின் படத்தைக் கம்பியால் அடித்து நொறுக்கினான். பிறகு அந்தக் கண்ணாடித் தூள் மேலேயே உட்கார்ந்து, பெண்டாட்டி பேரைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

அழகுமீனா பால்பாண்டியின் கட்டை அவிழ்த்தாள்.

நாகஜோதி உடைந்த சட்டத்திலிருந்து படத்தை உருவி எடுத்தாள். கையில் ரத்தம் ஒழுகியது. படத்தை மடியில் சொருகிக்கொண்டு படியிறங்கி, "மதினி" என்ற அழகுமீனாவைத் திரும்பியும் பாராமல் தாண்டி, சாத்தூர் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.