மூன்று தலைமுறைக் காகிதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. செத்தவர்களை நல்லபடியாகப் புதைத்ததற்காக அல்ல. உயிரோடு வருகிறவர்களை நன்றாக வரவேற்கிறோமாம், அதற்காக. ‘வரவேற்கும் சமூகம்’ என்று பொன்னிற எழுத்தில் பொறித்து, இரண்டு கைகள் பற்றிக்கொள்வதுபோல் படமும் போட்டிருந்தார்கள். பதுளையில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை. தலைவர் தங்கராஜாவும் செயலாளராகிய நானும் போயிருந்தோம். நூல் பந்தை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து பிடித்தோம். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டோம். ‘நாம் எல்லோரும் ஒன்று’ என்று கைதட்டினோம். மத்தியானம் கோழிக் கறி. மூன்றாம் நாள் பின்னேரம் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் வந்தோம். அதுவரை நாங்கள் யாரையும் வரவேற்றிருக்கவில்லை. தோட்டத்துக்கு யாரும் வந்ததுமில்லை. வருகிற மாதிரியா இருக்கிறது பாதை?

வந்தார்கள். சங்க மண்டபத்தில் ஆணி அடித்துக் கேடயத்தை மாட்டிய அடுத்த மாதமே வந்தார்கள், ரெங்கம்மாவும் அவர் மகள் நிஷாந்தினியும்.

ரெங்கம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து கொழுந்து எடுத்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்கு நெருப்பு வைத்தபோது புருஷனோடு வவுனியாவுக்கு ஓடினார். அங்கே சண்டை வந்ததும் படகேறி இந்தியா. அப்புறம் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் முப்பது வருஷத்துக்கு மேல். புருஷன் அங்கே செத்தார், நிஷாந்தினி அங்கே பிறந்தாள். இப்போது தாயும் மகளும் திரும்பி வந்து, ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில், ரெங்கம்மாவின் அண்ணன் செத்தபிறகு பூட்டிக் கிடந்த வீட்டில் குடியேறியிருந்தார்கள்.

நிஷாந்தினிக்கு எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள், ‘இந்தியாக்காரி’. பதுளை டவுனில் எவனுக்காவது கோபம் வந்தால் எங்களைப் பார்த்து இந்தியாவுக்குப் போ என்பான். பரம்பரை பரம்பரையாக வாங்கிக்கட்டிக்கொண்ட வார்த்தை. அதைத் தூக்கிப்போடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறோம், யாருக்காவது கொடுக்கலாமென்று. அவள் பேர் பதியாமல் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனால் செடி செத்துப்போன நிரையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதிலேயே அவள் மற்றவர்களுக்குச் சமமாக எடுத்தாள். அது இன்னும் பெரிய குற்றமாகிவிட்டது.

ரெங்கம்மாவுக்கு இருதயம் போய்விட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷிக்கு ஆசை ஒன்றுதான். எண்பத்திரண்டில் அவருடைய மூத்த பெண் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. எங்கள் புதைகாட்டில் பலா மரத்துக்குக் கீழேதான் அந்தப் பிள்ளை கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். கடல் தாண்டித் திரும்பி வந்ததே அதற்காகத்தான்.

இங்கேதான் எங்கள் சங்கம் வருகிறது. புதைகாடு சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. உறுப்பினர் வீட்டில் சாவென்றால் பந்தலுக்குத் தறப்பாள், உட்கார நூறு கதிரை, பிளேன்டீ போடப் பெரிய கேத்தல், தோண்ட மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் போகும். குழி வெட்ட நாலு பேர், தூக்க நாலு பேர், தப்படிக்க ஆள், எல்லாம் சங்கத்தின் ஏற்பாடு. உறுப்பினர் இல்லையென்றால் ஒரு பிடி மண்ணும் கிடையாது.

நிஷாந்தினி என் வீட்டுக்கு வந்தாள். “எங்கள சங்கத்துல சேத்துக்கங்கண்ணே. அம்மாவுக்கு அதிக நாள் இல்ல” என்றாள். செயற்குழுவில் வைக்கிறேன் என்று சொன்னேன். ஒரு ஆளை நோகாமல் கொல்ல இதைவிட நல்ல வார்த்தை தமிழில் கிடையாது.

செயற்குழுவில் ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சுவரில் கேடயம் தொங்குகிறதே. தங்கராஜா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, ஆட்களிடம் வேலை வாங்குகிறவர். முப்பது வருஷம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிற்கவைத்தே பழகிய மனுஷன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாம் யாரையும் ஒதுக்குகிறவர்கள் அல்ல, ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று ஆரம்பித்தார். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு இந்தத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகப் பேர் பதிந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். நெருப்புக்குத் தப்பி ஓடியவளிடம் காகிதம் எங்கே இருக்கப்போகிறது? எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் புரியாத மாதிரி கூரையைப் பார்த்தார்கள்.

அப்போது யாரோ ஒரு பயத்தைக் கிளப்பினார்கள். பட்டறை நடத்திக் கேடயம் கொடுத்த துஷாந்தி மிஸ் அடுத்த மாதம் பார்வையிட வருகிறாரே, நிஷாந்தினிக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டோமென்று தெரிந்தால் கேடயத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட மாட்டாரா? தங்கராஜாவுக்குப் பட்டறையில் படித்தது ஞாபகம் வந்தது. சட்டம் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும்! உடனே தீர்மானம் தயாராகிவிட்டது. பழையவர், புதியவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரு மாதத்துக்குள் மூன்று தலைமுறைக்குக் காகிதம் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு உறுப்புரிமை இல்லை. முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவன் நான். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகு அந்த மாதம் நடந்த கூத்து! ஆளாளுக்கு வீட்டைப் புரட்டிப்போட்டுக் காகிதம் தேடினார்கள். எங்களிடம் ஏது காகிதம்? பிறந்தது பதியவில்லை, செத்தது பதியவில்லை. அரசாங்கம் எங்களை நாடற்றவர்கள் என்று எழுதி வைத்திருந்த அத்தனை வருஷத்தில் எவன் எதைக் கொடுத்தான்? கொடுத்த கொஞ்சமும் கறையான் தின்றது, மண்சரிவில் போனது. என் தாத்தா பேர் பதிந்த சீட்டு, பிரஜாவுரிமை வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு கிளார்க்கின் பைக்குள் போனதோடு சரி. அந்தக் கிளார்க்கும் செத்துவிட்டார். யாருடைய சங்கம் புதைத்ததோ.

கூட்டத்துக்கு துஷாந்தி மிஸ் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெயரை நான் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து தேய்ந்துபோன அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அப்பாவுக்கு இல்லைங்க, தாத்தா பேரே தெரியாதுங்க என்று உட்கார்ந்தார்கள். தங்கராஜா மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அப்பாவின் சீட்டு. பெருமையோடு என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் வெட்டி விலகி, எழுபத்தோராம் ஆண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்து பேர் பதிந்தவர். இரண்டே தலைமுறை. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசியாக நிஷாந்தினி வந்தாள். ஒரு நீலப் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. முகாமில் மாதத்துக்கொரு தடவை தலை எண்ணுவார்களாம், ஒரு காகிதம் குறைந்தால் அந்த மாதம் அரிசி இல்லையாம். அதனால் அந்தக் குடும்பம் ஒரு துண்டைக்கூட விடவில்லை. ரெங்கம்மா இங்கே பேர் பதிந்த சீட்டு. அவர் அப்பாவின் சீட்டு. அடியில், தொட்டால் உதிர்ந்துவிடுகிற மாதிரி, அவர் தாத்தாவின் சீட்டு, வெள்ளைக்காரத் துரை கையெழுத்தோடு. மூன்றிலும் இதே தோட்டத்தின் பெயர். நெருப்புக்குள் அந்த மனுஷி அள்ளிக்கொண்டு ஓடியது துணிமணியை அல்ல, இதைத்தான்.

துஷாந்தி மிஸ் பேனாவைத் திறந்துகொண்டு, அப்படியென்றால் சங்கத்தில் இப்போது எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்டார். ரெங்கம்மா படுக்கையில் இருந்ததால் குடும்பத்தின் சார்பில் மகளின் பெயரைத்தான் பதிய வேண்டும். பதிந்துவிட்டு எண்ணினேன். எண்ணுவதற்கு அதிகநேரம் எடுக்கவில்லை. ஒன்று.

தங்கராஜா எழுந்து, தீர்மானத்தை மறுபரிசீலனை செய்வோம் என்றார். சங்க விதிகளை எழுதிய யாப்பின்படி தீர்மானத்தை மாற்றுவதற்குப் பதினான்கு நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், பிறகு உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். உறுப்பினர்கள் என்றால் யார்? எல்லோரும் திரும்பி நிஷாந்தினியைப் பார்த்தார்கள். அவள் காகிதங்களை ஒவ்வொரு பையாகப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு நாலாம் நாள் காலையில் தங்கராஜாவோடு ஒரே வீட்டிலிருந்த அவர் அண்ணன் இராசையா செத்துப்போனார். நல்ல மனுஷன், யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவர், கொடுத்தது இது ஒன்றுதான். தறப்பாளும் கதிரையும் கேட்டுத் தங்கராஜா ஆள் அனுப்பினார். மண்டபத்துச் சாவி என்னிடம். உறுப்பினர் கையெழுத்து இல்லாமல் ஒரு கேத்தல்கூட வெளியே போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் பெரிய நியாயவான் என்று நினைத்துவிடாதீர்கள். கை தூக்கிய வெட்கத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டும், அவ்வளவுதான். தலைவரே வேகு வேகென்று வந்தார்.

“ஜெயகுமாரு, சாவு வீட்டுல வெளையாடாத” என்றார்.

“சட்டம் எல்லாருக்கும் சமம், தலைவரே” என்றேன்.

என்னை முறைத்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். அண்ணனுக்கு அழுதாரா, தனக்கு அழுதாரா தெரியாது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாங்க, நானும் வருகிறேன் என்று பொருள் பதியும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாக ஐந்தாம் நம்பர் லயத்துக்கு ஏறினோம்.

நிஷாந்தினி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். அவள் தங்கராஜாவைக் காக்க வைப்பாள், நாலு கேள்வி கேட்பாள், நாங்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பதில் சொல்லவைப்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் கூடவே போனேன். அவள் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஒத்த ஆளு சங்கத்த வச்சுக்கிட்டு நான் என்னங்கய்யா பண்றது? எங்கம்மாவுக்குக் குழி வெட்ட நாலு பேரு, தூக்க நாலு பேரு வேணும். நீங்க எல்லாரும் மறுபடி சேந்துக்கங்க. மூணு தலைமொறயெல்லாம் நான் கேக்க மாட்டேன். மம்முட்டி புடிக்கத் தெரிஞ்சா போதும்.”

தங்கராஜா தலையைக் குனிந்துகொண்டு, தெரியும் என்றார். முப்பது வருஷம் மற்றவர்கள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

திறந்திருந்த கதவுக்கு உள்ளேயிருந்து ரெங்கம்மாவின் குரல் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“யாருடி வந்துருக்கிறது?”

“தோட்டத்து ஆளுங்கம்மா. நம்ம சங்கத்துல சேரணுமாம்.”

“சேத்துக்க. பாவம், அவங்களுக்கும் போறதுக்கு வேற எடம் இல்ல.”

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். மனதாரச் சொன்னார்.

இராசையா நூறு கதிரையோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று வாரம் கழித்து ரெங்கம்மாவும் போனார். இதற்கிடையில் பதினான்கு நாள் அறிவித்தல் முடிந்து, நிஷாந்தினியின் ஒற்றை வாக்கில் தீர்மானம் ரத்தாகி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நிஷாந்தினி ஒவ்வொன்றிலும் ‘சேர்த்துக்கொள்ளப்பட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். குழி வெட்ட நாலு பேர் போதும், பதினாறு பேர் வந்தார்கள். பலா மரத்துக்குக் கீழே, பிள்ளை கிடக்கும் இடத்தை ரெங்கம்மா வந்த புதிதிலேயே மகளுக்குக் காட்டி ஒரு குச்சி நட வைத்திருந்தார். குச்சிக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் வெட்டினோம். முதல் வெட்டைத் தங்கராஜாதான் வெட்டினார். மண்வெட்டி பிடித்த லட்சணத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நிஷாந்தினி கடைசி வரைக்கும் அழாமல் நின்றாள், மண் தள்ளும்போதுதான் உடைந்துபோனாள். எங்கள் பொம்பளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ‘இந்தியாக்காரி’ என்று பெயர் வைத்தவளும் அதில் இருந்தாள், அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

துஷாந்தி மிஸ் கேள்விப்பட்டுப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார், அடுத்த வருஷம் இன்னும் பெரிய கேடயம் உண்டாம். பழைய கேடயத்தைக் கழற்றி, கதிரை அடுக்குகிற அறையில் கேத்தலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சூடு தாங்குகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தங்கராஜா பக்கத்தில் வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்தப் புள்ள நம்மளச் சேத்துக்கிட்டதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு, ஜெயகுமாரு. அவ கையெழுத்தோட. நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா பேரப் புள்ளைங்க காட்டணும்ல.”

நிஷாந்தினியிடம் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பை மூன்று வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அதைச் சுற்றிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.