வெறும் பலகை

அணைக்குக் கீழே மீன் பிடிக்க எத்தனையோ சட்டம் உண்டு. அதில் எல்லோரும் மதித்தது ஒன்றைத்தான். ஆற்றில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளைத் தகட்டை மேட்டில் நிற்கும் வெள்ளைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், கரையேறியதும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். கோபுரத்து மதகுக்காரர் தொலைநோக்கியில் பார்ப்பார். ஒரே ஒரு தகடு தொங்கினாலும் சங்கு விட்டு விட்டு ஊதும். ஆள் வெளியே வரும்வரை மதகு திறக்காது. பலகை வெறுமையாக இருந்தால் ஒரே நீள ஊதல், பின்னாலேயே தண்ணீர். அடுத்தவன் தகட்டை யாரும் தொடக் கூடாது, கூடப் பிறந்தவனுடையதாக இருந்தாலும் சரி.

தையல்காரன் பதினோரு வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்தான். அவனும் அவன் அக்கா வீட்டுக்காரரும் டிரௌட் மீனுக்குச் சேர்ந்தேதான் போவார்கள், சேர்ந்தேதான் திரும்புவார்கள். அத்தான் தூண்டிலையும் கூடையையும் தூக்கிக்கொள்வார். இவன் இரண்டு தகட்டையும் கழற்றுவான். இதில் என்ன வந்துவிடப் போகிறது?

வந்தது. போன வருஷம் ஒரு நாள், கடையில் அவசர வேலை என்று இவன் மட்டும் முதலில் கிளம்பினான். அணையின் அடிவயிற்றிலிருந்து வரும் தண்ணீர் கோடையிலும் எலும்பைக் கடிக்கும். விரலெல்லாம் மரத்திருந்தது, நினைப்பெல்லாம் தைத்து முடிக்க வேண்டிய கம்பளிக் கோட்டின்மேல் இருந்தது. பழக்க தோஷத்தில் கை இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. கடையில் சுண்ணக்கட்டி தேடிப் பைக்குள் கைவிட்டபோதுதான் இரண்டு தகடுகள் உரசின. அதே நேரம் சங்கு ஊதியது, ஒரே நீளமாக. விழுந்தடித்து ஓடினான். ஓடி என்ன செய்ய?

உடல்கூடக் கிடைக்கவில்லை, தூண்டில் மட்டும் கரையில் ஒதுங்கியது. அதுவரை செய்தது தவறு. அன்று சாயங்காலம் செய்தது பாவம். வீடே அழுதுகொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்த அத்தானின் சைக்கிள் பைக்குள் அவருடைய தகட்டை மெல்ல நழுவவிட்டான். மறுநாள் அக்கா கண்ணில் அது பட்டது. மிச்சக் கதையை ஊரே கட்டிக்கொண்டது: மனுஷர் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார், இன்னும் ஒரே ஒரு மீன் என்று ஆசைப்பட்டு மறுபடி இறங்கியிருக்கிறார்.

“பொண்டாட்டி பிள்ளையைவிட மீன் பெருசாப் போச்சு அவருக்கு,” என்றாள் அக்கா. அன்றோடு அழுகையை நிறுத்தினாள். அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பரண்மேல் போட்டாள். உண்மையைச் சொன்னால் அக்கா இல்லை, சொல்லாவிட்டால் அத்தானுக்கு நல்ல பேர் இல்லை. தையல்காரன் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

இன்று காலை அவள் அத்தானின் தூண்டிலை அவன் கையில் திணித்தாள். “இந்தச் சனியனை ஆத்துலயே போட்டுட்டு வா. இனிமே என் கண்ணுல படக் கூடாது.”

அவன் தன் தகட்டைப் பலகையில் மாட்டினான். சரியாகத் தொங்குகிறதா என்று இழுத்தும் பார்த்தான். கீழே ஆற்றின்மேல் பனிமூட்டம் கெட்டியாக இருந்தது, தண்ணீர் இருக்குமிடம் சத்தத்தால்தான் தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று தூண்டிலை ஓங்கினான். எறிய மனம் வரவில்லை. நுனியில் அத்தான் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி இன்னும் இருந்தது. ஒரே ஒரு தடவை என்று வீசினான்.

உடனே மீன் கடித்தது. ஆனால் துள்ளவில்லை, திமிறவில்லை. நூல் விறைத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக நிதானமாக நகர்ந்தது, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல. அவனும் பின்னாலேயே போனான். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நூல் தொய்ந்தது.

“மாப்ளே, கிளம்பலாமா?” என்று ஆற்று வளைவுக்கு அப்பாலிருந்து கேட்டார் அத்தான்.

“நீங்க நடங்க அத்தான், தகடு நான் எடுத்துக்கறேன்.”

பதினோரு வருஷத்துப் பதில், தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

“உனக்கு எதுக்கு சிரமம்?” என்றது குரல், எப்போதும் போல் கேலியாக. “இன்னிக்கு நானே எடுத்துட்டேன்.”

இந்த முறை அது வளைவிலிருந்து வரவில்லை. மேலே, பலகை நிற்கும் பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த நொடி சங்கு ஊதியது. விட்டு விட்டு அல்ல, ஒரே நீளமாக.

அவன் கரையை நோக்கிப் பாய்ந்தான். பாசிக் கல்லில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, ஆற்றுக்குள் கைக்கு எட்டிய பாறை ஒன்றைத் தொற்றி ஏறினான். அதற்குள் சுற்றிலும் தண்ணீர் பழுப்பாகப் புரண்டது. பனி கிழிந்த இடத்தில் மேட்டுப் பாதையில் அக்கா ஓடி வருவது தெரிந்தது.

“தூண்டிலைப் போட்டுடாதடா! அது வீட்டுலயே இருக்கட்டும்!” என்று கத்திக்கொண்டே வந்தவள், அவன் நிற்கும் இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அடப்பாவி! பலகையில ஒண்ணுமே இல்லையே! நீ கரையேறிட்டேன்னுல்ல நினைச்சேன்! தகட்டைக் கழட்டிட்டு மறுபடி இறங்கினியா?”

“நான் கழட்டலை அக்கா! அன்னிக்கு அத்தானும் கழட்டலை! நான்தான்! அவரோடதை நான்தான் எடுத்துட்டுப் போனேன்!”

அவள் காதருகே கையைக் குவித்தாள். “என்னது? கேக்கலைடா!”

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. அவன் தொண்டை கிழியக் கத்தினான். தகடு, பை, சைக்கிள் என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அக்கா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காய்ந்த கிளையை அவன் பக்கம் நீட்டிப் பார்த்தாள். பாதி தூரம்கூட எட்டவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு.

“எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லிக்கலாம்டா!” என்று கத்தினாள். “மொதல்ல கரைக்கு வா!”