மதிலைக் குடைந்த தெரு

எதிரிப்படை ஆற்றைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தளபதி தலைமைக் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மதில் தாங்குமாய்யா?"

வெளியே நின்று பார்த்தால் தாங்கும் என்றுதான் தோன்றும். உள்ளேயிருந்து பார்த்த கொத்தனாருக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

கோட்டைக்குள் மதிலை ஒட்டியே ஒரு தெரு. அந்த வீடுகளுக்குத் தனியாகப் பின்சுவர் கிடையாது, மதிலேதான் பின்சுவர். சண்டையே இல்லாமல் ஒரு தலைமுறை ஓடிவிட்டால் மனிதர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? ஒருத்தி உப்புச்சாடி வைக்க மதிலில் சின்னதாக ஒரு மாடம் குடைந்தாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை, நாலு பானை நிற்கிற அளவுக்குக் குடைந்தாள். அதற்கடுத்த வீட்டில் கதவு போட்ட அலமாரியே வந்துவிட்டது. ஊரைக் காக்கிற சுவரை ஊரே உட்கார்ந்து சுரண்டித் தின்றிருந்தது.

மதில்மேல் கல் குவிக்க, வாசலுக்குப் பின்னால் மண்மூட்டை அடுக்க, கிணறுகளுக்குக் காவல் போட என்று தளபதி ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். மாடங்களை அடைக்கிற வேலை கொத்தனார் தலையில் விழுந்தது.

"ஒரு இடுக்கு விடாம அடைச்சிடுங்க. ஒரு இடம் உள்ளே வெறுமையா இருந்தாலும் இடிக்கிறவன் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் அங்கேயே மோதுவான்," என்றார் தளபதி.

கொத்தனாரும் அவருடைய கையாள் நெட்டையனும் தெருவின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, அலமாரிக் கதவை உடைச்சிடாதீங்க. போன வருஷம்தான் போட்டோம்," என்று ஒரு வீட்டுக்காரி கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"கழட்டி வச்சுக்கம்மா. உசுரோட இருந்தா மறுபடி மாட்டிக்கலாம்," என்றார் கொத்தனார்.

எல்லா வீட்டிலும் இப்படி வாய்க்கு வாய் பேசிக்கொண்டு வந்தவர், ஒரு வீட்டை மட்டும் பேசாமல் தாண்டிப் போனார். அது அவர் மகள் வீடு. நெட்டையன் அதைக் கவனித்தபடியே சாந்துச் சட்டியோடு பின்னால் போனான். தெருவிலேயே ஆழமான மாடம் அங்கேதான் இருந்தது. மகளுக்குப் பையன் பிறந்த வருஷம் கோடை கொளுத்தியது என்று, குளிர்ந்த கல்லுக்குள் பிள்ளை தூங்கட்டும் என்று மருமகன் ஆசையாகக் குடைந்த மாடம். பையன் அதில்தான் தூங்கினான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அதிலேயே போய்ச் சேர்ந்தான்.

மற்ற வீடுகள் முடிந்தபோது மருமகன் மதில் காவலிலிருந்து இறங்கி வந்தான். "மாமா, அதை அடைக்கணும்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீங்கதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் திரும்ப ஏறிப் போனான்.

சாந்துச் சட்டியைப் பார்த்ததுமே மகளுக்குப் புரிந்துவிட்டது. மாடத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதை விட்டுடுங்கப்பா. இது ஒண்ணாலயா கோட்டை விழுந்துடப் போகுது?"

"இது ஒண்ணாலதான் கண்ணு விழும்."

அவர் கையை நீட்டி மாடத்தின் உட்சுவரை விரலால் தட்டிக் காட்டினார். காலிப் பானையைத் தட்டினதுபோல் கேட்டது. சின்ன வயதில் அவருக்குச் சாந்து சுமந்து கொடுத்தவள் அவள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து, உள்ளே விரித்திருந்த சின்ன விரிப்பை எடுத்து மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

அவர் கல் அடுக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், விரிப்பைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கல்லைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்பா, சின்னதா ஒரு ஓட்டை மட்டும் விடுங்கப்பா."

"எதுக்கும்மா?"

"அவனுக்கு மூச்சு முட்டும்பா."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். பிள்ளை இங்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவா அவளுக்குத் தெரியாது?

"விடறேன் கண்ணு. வெளியே தெரியாது, பூச்சுக்கு உள்ளாற விடறேன்," என்று கல்லை வாங்கினார்.

விடவில்லை. சில்லுக் கல்லைத் திணித்து, சாந்தை அழுத்தி, இடுக்கே இல்லாமல் அடைத்துப் பூசினார். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அவர் செய்ததில்லை. இவ்வளவு வெறுத்தும் செய்ததில்லை.

மகள் பக்கத்தில் வந்து, ஈரப் பூச்சின் மேல் விரலை மடக்கி மெல்லத் தட்டிப் பார்த்தாள். பாறையைத் தட்டினதுபோல் கெட்டியாகக் கேட்டது.

"ஓட்டை விட்டிருக்கீங்கல்லப்பா?"

"விட்டிருக்கேம்மா."

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு, அவர் கை கழுவத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனாள். கொத்தனார் அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்று அழுதார்.