தூக்கிப் போடாத வண்டி

அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஆம்புலன்ஸ்ல வரமாட்டேன்பா. அதுலதான் இங்க வந்தேன். திரும்ப அதுக்குள்ள படுத்தா எனக்கு மூச்சு முட்டிடும். நம்ம யானையில கூட்டிட்டுப் போங்க."

யானை என்பது அவர்கள் வீட்டுக் கார். அவள் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்ட வண்டி. சாம்பல் நிறம், அகலமான பின்புறம், அசைந்து அசைந்து போகும் நடை. பேர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பின்சீட்டு கட்டில் போல நீளமாக இருக்கும். நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க ஏறி, ஏணியோடு சரிந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவளுக்கு அந்தச் சீட்டு வசதிதான்.

டாக்டர் யோசித்தார். "பெல்ட் போட்டு, படுத்தபடியே வரட்டும். ஆனா வண்டி தூக்கிப் போடக் கூடாது."

அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வாசல் தாண்டியதும் அம்மா கேட்டாள், "என்ன தைரியத்துல தலையாட்டினீங்க? போன மாசம் அந்த வண்டியில மாவு டப்பாவை வச்சுக் கொண்டு வந்தேன். மூடி கூரையில போய் இடிச்சுது."

"சரி பண்ணிடலாம்" என்றார் அவர்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் என்றால் பயமில்லை. ஆனால் அத்தனை வருட இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வண்டியின் பின்பக்கத்தில் எங்கோ 'டொக்'கென்று ஒரு சத்தம் வருகிறது என்று ஊரே சொல்லியும் அவருக்கு மட்டும் கேட்டதில்லை. ஆகவே அம்மா பின்சீட்டில் படுத்தாள். தையல் மெஷினை மூடிவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தலையணையோடு.

"அவ மாதிரியே படுத்திருக்கேன். எங்க இடிக்குதுன்னு சொல்றேன், ஓட்டுங்க."

தெருமுனைப் பள்ளத்தில் இறங்கியதும் "அம்மாடி!" என்று கத்தினாள். அது அவருக்கே கேட்டது.

"எங்க?"

"இடது பக்கம். இடுப்புக்கு நேர் கீழ. யாரோ அடியில இருந்து சுத்தியலால அடிச்ச மாதிரி."

அவர் முதலில் ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகப்பட்டார். வண்டியின் வாலை அழுத்திவிட்டால் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். யானை நாலு தடவை தலையாட்டியது. இரண்டையும் மாற்றினார். ஆட்டம் நின்றது. இடி நிற்கவில்லை.

அப்புறம்தான் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அம்மாவின் தையல் டேப்பைக் கேட்டு வாங்கினார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. முன்பக்கக் கோளாறுகூட பின்னால் சாய்வாகக் காட்டலாம் என்பதால், முன்பக்கம் நட்டநடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அப்போதும் வால் இடதுபக்கமே சாய்ந்து நின்றது.

"அப்ப நோவு பின்னாலதான்" என்றார்.

"அதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்?" என்றாள் அம்மா. "இடுப்புக்குக் கீழன்னு."

அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பின்சக்கரங்களைத் தாங்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். இடது பக்க அடுக்கில் சேறும் பழைய கிரீஸும் மேலே தோல் மாதிரி படிந்திருந்தன. அவர் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க, அம்மா பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த கிளிப்புக்கு ஒட்டினாற்போல், நூல் இழை அளவுக்குத் துருக்கோடு ஒன்று.

"இது கீறலா, அழுக்கா?" என்றாள்.

அவர் நகத்தால் தடவினார். நகம் சிக்கியது. மேலிருந்து இரண்டாவது பட்டை உடைந்திருந்தது. கிளிப்பின் இறுக்கத்தில் முழுசு போலப் பாவனை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு மேலே வந்து வண்டியின் அடியில் முட்டியிருக்கிறது.

"பாவம்" என்றாள் அம்மா, வண்டியைப் பார்த்து. "முதுகு உடைஞ்சுதான் இவ்வளவு நாள் ஓடிச்சா?"

அவர் கம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

இரண்டு பக்க அடுக்கையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனார்கள். உடைந்த பட்டைக்குப் புதுசு போட்டு, இரண்டுக்கும் ஒரே அளவில் வளைவு ஏற்றி வாங்கினார்கள். பட்டைகளின் முனையை வண்டியோடு சேர்க்கும் போல்ட்டைச் சுற்றி இருந்த ரப்பர் புஷ்களும் தேய்ந்துபோயிருந்தன; அவற்றுக்கும் புதுசு. அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பட்டைகளை மாட்டி, மூச்சைப் பிடித்து எல்லா போல்ட்டையும் முடுக்கினார். இறக்கியதும் யானை வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா மறுபடியும் படுத்தாள். இவர் ஓட்டினார்.

திரும்பி வந்து நிறுத்தியபோது அவள் உடனே எழுந்திருக்கவில்லை.

"சொல்லு."

"இடி இல்லைங்க. ஆனா கட்டை வண்டி மாதிரி இருக்கு. சின்னக் கல்லுகூட முதுகுல குத்துது."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மகளைக் கூட்டி வர வேண்டும்.

"ஆம்புலன்ஸுக்கே சொல்லிடறேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதைக்கூட..."

அம்மா பின்னாலிருந்தே கை நீட்டி அவர் தோளைப் பிடித்தாள். மறு கையால் தன் தம்பிக்குப் போன் போட்டாள். லாரி ஓட்டுகிறவன். ஸ்பீக்கரில் அவன் குரல் இரைந்தது.

"மாமா, புஷ் போல்ட்டை எப்ப முடுக்கினீங்க?"

"மாட்டினதும்தான்."

"சக்கரம் அந்தரத்துல தொங்கறப்பவா?"

"ஆமா."

"அதான்! தொங்கற நிலையிலயே ரப்பர் இறுகிப் போச்சு. வண்டி இறங்கினா அது முறுக்கிக்கிட்டு நிக்கும், அசைய விடாது. போல்ட்டை லேசாத் தளர்த்துங்க. சக்கரத்துல நிக்கவச்சு, பாரம் ஏத்தி, நாலு ஆட்டு ஆட்டிட்டு முடுக்குங்க. வேற ஒண்ணும் இல்ல. அக்கா, மாமாவுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றார் மாமா.

சக்கரங்களைக் கனமான பலகைகள் மேல் ஏற்றி, முன்சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, அவர் அடியில் நுழைந்தார். பாரத்துக்கு அம்மா. முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் தளர்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டாற்போல் மெல்ல இறங்கியது. அவள் புரண்டு புரண்டு வண்டியை ஆட்டிவிட்டு, நேராகப் படுத்தாள். அவர் ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினார்.

மேலே பார்த்துக்கொண்டே அம்மா, யாரிடமும் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள். "அவ பழையபடி நடப்பாளா?"

ஆஸ்பத்திரியில் அம்மா ஒரு தடவைகூட அழுததில்லை. டாக்டரிடமும் இதைக் கேட்டதில்லை.

ஸ்பானர் சத்தம் நின்றது. சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டில் ஒரு ஓட்டை உண்டு. அவர் அதற்கு நேர் கீழே இருந்தார்.

"நடப்பா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நேத்து நான் பாதத்தைத் தடவினேன். கூசுதுன்னு காலை இழுத்துக்கிட்டா. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அவசரப்பட்டு ஆசை காட்டிடக் கூடாதேன்னு பேசாம இருந்துட்டேன்."

"இதைப் போய் மறைப்பாங்களா?" என்று திட்டத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள். அவர் வெளியே வரும்வரை அழுதாள். வந்தவர் கிரீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், முழங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தார்.

மறுநாள் மகளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, சீட்டுக்கு முன்னால் கிடந்த இடத்தில் அம்மா காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அப்பா ஓட்டிய வேகத்தில் நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் பின்சீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தபடி வண்டியைக் கடந்துபோனார்.

"அப்பா, அவர் நம்மைப் பாத்துச் சிரிக்கிறார்."

"சிரிக்கட்டும்."

தெருமுனைப் பள்ளம் வந்தது. அம்மா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். வண்டி உள்ளே இறங்கி, தண்ணீரில் மிதப்பது போல் மேலே வந்தது. மகள் கண்ணாடி வழியே மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் வெறும் கூரையை மட்டுமே பார்த்தவள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு? வலிச்சுதா?"

மகள் கதவுப் பிடியைப் பற்றித் தன் பக்கமே இழுத்தாள்.

"இன்னும் ஒரு சுத்து போலாம்பா."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மடக்கிய காலை நீட்டி, மரத்துப்போன பாதத்தை உதறிவிட்டு, திரும்பவும் மடக்கிக்கொண்டாள்.

"எடுங்க வண்டியை" என்றாள்.