நாரே கட்ட மறுத்த சிவப்பு பெல்ட்

என் மகள் நாரே பல் தேய்க்க அடம்பிடித்தால் நான் அடிப்பதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. டேக்வாண்டோ மாஸ்டருக்கு ஒரு போன் போடுவேன். அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அவர், "நாரே, மூணு நாளா பல்லே தேய்க்கலையாமே?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அவளாகவே பிரஷ்ஷை எடுப்பாள். எங்கள் துறைமுக ஊரில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான். கீரை தின்னாததற்கும், போனை நோண்டுவதற்கும், தம்பியைக் கிள்ளியதற்கும் மாஸ்டர்தான் கோர்ட்டு. பத்து மாதம் சுமந்து பெற்றவள் பேச்சு எடுபடாது, கல்யாணம்கூட ஆகாத முப்பத்திரண்டு வயதுப் பையன் சொன்னால் எடுபடும். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் போன் போடுவேன்.

வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் வரிசையில் நின்று ஐந்து வரி சொல்வார்கள். தெருமுனை வரை கேட்கும். முதல் வரி, பெற்றவர்களை மதிப்பேன். மூன்றாவது வரி, பொய் சொல்ல மாட்டேன். மற்ற மூன்றையும் கேட்டுக் கேட்டு நானும் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் இந்தக் கதைக்கு இவை இரண்டு போதும்.

நீல பெல்ட்டிலிருந்து சிவப்புக்குப் போக உதை, குத்து மட்டும் போதாது. வீட்டுப்பாடமும் உண்டு. அந்த மாதம் கொடுத்தது, அம்மா அப்பாவின் கால்களைக் கழுவிவிட வேண்டும். வீட்டுப்பாடத் தாளின் கீழே பெற்றோர் கருத்து எழுத நான்கு கோடு, கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

நாரேயின் அப்பா கணவாய் மீன் பிடிக்கும் படகில் போயிருந்தார், பத்து நாள் கழித்துத்தான் வருவார். ஆக, கழுவ இருந்தவை என் கால்கள் மட்டும். நான் கணவாய்ச் சந்தையில் குடல் எடுத்துக் கழுவும் வேலை பார்க்கிறவள். விடியற்காலையிலிருந்து ரப்பர் பூட்ஸுக்குள் ஐஸ் தண்ணீரில் ஊறும் கால்கள். குதிகால் முழுக்க வெடிப்பு, பெருவிரல் நகம் கறுத்துப் பாதி போய்விட்டது, எந்த சோப்புக்கும் போகாத வாடை வேறு. கட்டின புருஷனுக்கே நான் அவற்றைக் காட்டுவதில்லை.

நாரே ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கும் பெரிய சிவப்பு ரப்பர் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, உக்காரு. தண்ணி சூடா இருக்கு."

"வேணாம்டி. தாளைக் குடு, நான் எழுதித் தரேன்."

"கழுவாமயா?"

"கழுவினா என்ன, கழுவாட்டி என்ன. யாரு வந்து பாக்கப் போறா?"

எழுதினேன். எழுதினதுதான் எழுதினேன், சும்மா இருந்தேனா? 'மகளின் சின்னக் கைகள் என் பாதத்தைத் தொட்டதும் பத்து வருஷக் களைப்பு தண்ணீரோடு போய்விட்டது. நான் அழுதுவிட்டேன்' என்று நான்கு கோட்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். நாரே தொட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள்.

தேர்வு நாளன்று பெற்றவர்கள் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நாரேயின் உதை அத்தனை சுத்தமாக இருந்தது. பெல்ட் கொடுக்கும் முன் மாஸ்டர் ஒரு தாளை எடுத்தார். "இந்த மாசம் வந்ததுலயே என்னைத் தொட்ட கருத்து இது" என்று படிக்க ஆரம்பித்தார். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

படித்து முடித்தபோது பக்கத்திலிருந்த ஜுவோன் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நாரே அம்மா, குடுத்து வச்சவ நீ. எங்க வீட்டுது ரெண்டு காலையும் ரெண்டே நிமிஷத்துல தொடச்சிட்டு ஓடிருச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். நாரே தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் வாங்கினாள், குனிந்து வணங்கினாள், கட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாளும் கட்டவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பழைய நீல பெல்ட்டோடுதான் வகுப்பு வேனில் ஏறினாள். ஒன்றரை வருஷம் தவம் கிடந்து வாங்கிய பெல்ட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது.

"ஏண்டி கட்ட மாட்டேங்குற?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

எனக்குக் காரணம் தெரியாமலா இருந்தது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் புத்தி போகிற போக்கைப் பாருங்கள், நான் பழக்க தோஷத்தில் மாஸ்டருக்கே போன் போட்டேன். "நாரே புது பெல்ட் கட்ட மாட்டேங்குறா மாஸ்டர். கொஞ்சம் சொல்லி வையுங்க."

மறுநாள் சாயங்காலம், சந்தையில் கணவாய் அறுத்துக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"நாரே அம்மா, கேட்டுப் பாத்தேன். வாயைத் திறக்க மாட்டேங்குறா. 'சொல்ல முடியாது மாஸ்டர், வேணும்னா நின்னுக்கறேன்'னு அவளாவே மூலையில போயி முட்டிய மடக்கி, குதிரை நிலையில நின்னுட்டா. நேத்தும் நின்னா, இன்னிக்கும் நிக்கிறா. நான் தண்டனையே குடுக்கல."

"எவ்வளவு நேரமா?"

"கால் நடுங்குது, உக்கார மாட்டேங்குறா. ஒண்ணுதான் சொன்னா. மூணாவது வரியக் காப்பாத்தினா முதல் வரி ஒடைஞ்சிருமாம். எனக்குப் புரியல. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அம்மாவை ஊர் நடுவில் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் பொய்க்காரி. ஒன்பது வயதுப் பிள்ளையை இப்படி நடுவில் நிறுத்திவிட்டு நான் கணவாய் அறுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

டேக்வாண்டோ கூடத்து வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். அங்கே யாரானாலும் வெறுங்காலோடுதான் விரிப்பில் ஏற வேண்டும். தேர்வு நாளில் சுவரோரப் பெஞ்சு இருந்ததால் தப்பித்திருந்தேன். இப்போது பூட்ஸைக் கழற்றினேன். உள்ளே சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதையும் கழற்றினேன். பதினாறு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், முதலில் என் முகத்தை, பிறகு என் கால்களை. மூலையில் நாரே முட்டியை மடக்கி நின்றுகொண்டிருந்தாள்.

மாஸ்டரிடம், பிள்ளைகளுக்கும் கேட்கும்படியே சொன்னேன். "அன்னிக்கு நீங்க படிச்சது பொய். நாரே கழுவுறேன்னுதான் சொன்னா. நான்தான் விடல. இந்தக் காலைக் காட்டக் கூச்சமா இருந்துச்சு. எழுதினது, கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்."

மாஸ்டருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நான் அழுததாக எழுதியதை நம்பி நாலு பேர் முன்னால் படித்தவர் அல்லவா.

"இங்க பொய் சொன்னா என்ன தண்டனை?" என்று கேட்டேன்.

"குதிரை நிலை, அம்பது குத்து," என்றான் ஒரு பொடியன் முந்திக்கொண்டு.

"டேய், சும்மா இரு," என்றார் மாஸ்டர். "நீங்க பெரியவங்க. வேண்டாம் நாரே அம்மா."

"விதி எல்லாருக்கும்தானே?"

கால்களை அகட்டி நின்று முட்டியை மடக்கினேன். இரண்டும் சத்தம் போட்டன, சில பிள்ளைகள் சிரித்தார்கள். நாரே மூலையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீ போயி உக்காருடி. உனக்கு எதுக்கு?"

"முட்டிய இன்னும் மடக்கும்மா," என்றாள். "கட்டைவிரலை முஷ்டிக்குள்ள வைக்காத, ஒடிஞ்சிரும்."

ஐம்பதையும் பதினாறு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். முப்பதுக்கு மேல் என் குத்து கொசு விரட்டுகிற மாதிரிதான் இருந்தது. கிளம்பும்போது மாஸ்டர் நாரேயிடம் ஒரு புது வீட்டுப்பாடத் தாளைக் கொடுத்தார். "நிஜமா செஞ்சிட்டுக் கட்டிக்கோ."

வீட்டுக்கு வந்ததும் சிவப்புத் தொட்டி மறுபடி நடுக்கூடத்துக்கு வந்தது. நான் கால்களைத் தண்ணீரில் வைத்தேன். நாரே குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, வெடிப்புகளுக்குள் விரலால் மெதுவாகத் தேய்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கணவாய் வாடை அடிக்குது."

"அடிக்கத்தான் செய்யும்."

"நகம் திரும்ப முளைக்குமா?"

"வசந்தத்துல முளைச்சிரும்."

துண்டால் துடைத்து, விரல் இடுக்கிலெல்லாம் ஒற்றி எடுத்தாள். பிறகு தாளையும் பேனாவையும் நீட்டினாள். இந்தத் தடவை ஜாக்கிரதையாக எழுதினேன். 'தண்ணீர் கொஞ்சம் சூடு அதிகம். கூச்சமாக இருந்தது. நன்றாகக் கழுவினாள்.' கையெழுத்துப் போடப் போனபோது நாரே தாளைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை அசைத்து ஒருமுறை படித்தாள்.

"அழுதேன்னு எழுதலையே?"

"நான் எங்கடி அழுதேன்?"

"அழுத. தொட்டியில சொட்டுச்சு. நான் பாத்தேன்." பேனாவை மறுபடி என் கையில் வைத்தாள். "மூணாவது வரிம்மா."

நான்காவது கோட்டில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மேஜைக்குப் போய், பெல்ட்டின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.