துரையிடம் சொல்லி அனுப்பியவை

அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு கிடையாது. அதற்காக வீடு அமைதியாக இருந்தது என்று யாராவது சொன்னால் கீழ்வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எழுந்தது முதல் படுக்கும்வரை இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினார்கள். எல்லாவற்றையும் நாயிடம் பேசினார்கள்.

"டேய், குளிக்கறதுன்னா இப்பவே போகச் சொல்லு உங்கப்பாவை. அப்புறம் தண்ணி நின்னுபோச்சுன்னு உள்ளேயிருந்து கத்த வேணாம்."

"உங்கம்மாகிட்ட சொல்லுடா, சட்டையில ஒரு பட்டன் இல்லைன்னு."

"ஊசி நூல் இருக்கிற இடம் தெரியும், கையும் ரெண்டு இருக்குன்னு சொல்லு."

நாய் கூடத்தின் நடுவில் படுத்திருக்கும். சேதிகள் அதன் தலைக்கு மேலே போய்வரும். பட்டன் மறுநாள் சட்டையில் இருக்கும். யார் தைத்தார்கள் என்று நாயும் சொல்லாது, அவளும் சொல்லமாட்டாள்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு, சாக்கட்டியால் கோடு கிழித்து, கட்டிங் மெஷினை நூல் பிசகாமல் ஓட்டுவாள். கம்பெனியில் அவளை மாஸ்டரம்மா என்பார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனிதர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

பேச்சு நின்ற கதை சின்னதுதான். கம்பெனி வேறோர் ஊரில் புதுக் கிளை திறந்தது. அங்கே முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்த அவளைக் கேட்டு முதலாளியே வீட்டுக்கு ஃபோன் செய்தார். அவள் அப்போது குளியலறையில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இவர் எடுத்தார். "அதெல்லாம் அவளுக்குச் சரிப்படாதுங்க, வீட்டை விட்டுட்டு எப்படி வருவா" என்று சொல்லி வைத்துவிட்டார். பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை. அதனால் அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண் ஒருத்தி, "மாஸ்டரம்மா, நீங்க வேணாம்னுட்டீங்களாம், அதனால என்னைப் போகச் சொல்றாங்க" என்று விடைபெற வந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கல இல்ல? சரி. இனிமே எங்கிட்டேயிருந்து ஒரு வார்த்தை வராது."

சாப்பிடும் நேரத்துக்குள் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். மகள் ஃபோனில் அழுது பார்த்தாள், மகளின் மாமியார் சமாதானம் பேசிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாக்கு ஒன்றுதான் தனக்கென்று மிச்சம் என்பதுபோல் அவள் அதைக் காப்பாற்றி வந்தாள். வீடு நடக்க வேண்டுமே என்றுதான் நாய் நடுவில் வந்தது.

நாய் மகள் கொண்டுவந்தது. அவள் அதற்கு ஸ்டைலாக ஏதோ பெயர் வைத்தாள். வந்த மறுநாளே அது நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, "துரை எழுந்து பல் விளக்கியாச்சா?" என்று அம்மா கேட்டாள். பெயர் அதோடு நிலைத்துவிட்டது. நான்தான் பார்த்துக்கொள்வேன், நான்தான் குளிப்பாட்டுவேன் என்று சத்தியம் செய்த மகள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று கிளம்பிப் போனாள். துரை தங்கிவிட்டார்.

நாயைக் கொஞ்சுகிற மாதிரி படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறவர்கள் யாரும் உண்ணி எடுத்தவர்களாக இருக்கமாட்டார்கள். மழையானாலும் காய்ச்சலானாலும் விடிந்ததும் மூன்று மாடி இறக்க வேண்டும். அது முகர்ந்த தூணையே திரும்பத் திரும்ப முகர்ந்து, திருப்திப்பட்டு, காலைத் தூக்கும்வரை தேவுடு காக்க வேண்டும். அது போனதை அள்ள வேண்டும். முட்டைக்குள் ஒளித்து மாத்திரை கொடுத்தால் முட்டை உள்ளே போகும், மாத்திரை மட்டும் பளபளவென்று கழுவியதுபோல் வெளியே வரும். ஊதா நிறச் சீருடைத் துணியின் மேல் வெள்ளை முடி கிடந்தால், "மாஸ்டரம்மா, துரை வேலைக்கு வந்துட்டுப் போயிருக்காரு" என்று தையல் பெண்கள் கேலி செய்வார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனதே கிடையாது, ஒருவர் நாயோடு இருந்தாக வேண்டும். அது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் கைம்மாறு என்ன என்று கேட்டால், அவளிடம் கணக்கு இல்லை. நாள் முழுக்க மெஷின் முன் நின்ற காலோடு வந்து உட்கார்ந்தால், துரை எழுந்து வந்து அந்தப் பாதத்தின் மேலேயே மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். கனமாக, கதகதப்பாக இருக்கும். வலி கொஞ்சம் இறங்கும். அந்த வீட்டில் அவளைத் தொட்ட ஒரே ஜீவன் அதுதான். அதன்மேல் அவளுக்கு உயிர்.

துரைக்கு வயதானது. முதலில் இடுப்பு போயிற்று. படியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கம்பெனியில் மீந்த கித்தான் துணியை எடுத்து, நான்கு பக்கமும் பிடி வைத்து ஒரு தூளி தைத்தாள். மறுநாள் பார்த்தால் அவளுடைய தையல் மெஷின் மேல் தடித்த நாடா ஒரு சுருள் கிடந்தது. லிஃப்ட் சாமான் தூக்குகிற நாடா. யார் வைத்தது என்று கேட்பதற்கில்லை. பிடிகளைப் பிரித்துவிட்டு அந்த நாடாவை வைத்துத் தைத்தாள். முன்பக்கப் பிடி இரண்டும் அவருக்கு, பின்பக்கம் இரண்டும் அவளுக்கு. தினமும் துரை பல்லக்கில் இறங்கினார்.

"டேய், உங்கப்பாவை மெதுவாப் போகச் சொல்லு. யாரும் துரத்தல."

"உங்கம்மாவைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லுடா. பாரம் பூரா எம்மேல வருது."

பிறகு இன்னும் சில மாறுதல்கள். அழைப்பு மணி அடித்தால் கட்டிடமே அதிரக் குரைக்கிற நாய், குரைப்பதை விட்டுவிட்டது. வயதானால் புத்தி வரும் என்று அவள் நினைத்தாள். கூப்பிட்டால் வருவதில்லை. வயதானால் திமிரும் வரும் என்று நினைத்தாள். முன்பெல்லாம் "உங்கப்பாகிட்ட சொல்லு" என்றால் எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்கும், இப்போது நிற்பதில்லை. இடுப்பு வலி, பாவம். அவள் சொல்லி அனுப்பிய வேலைகள் எப்படியும் நடந்துகொண்டுதான் இருந்தன. மோட்டார் போடச் சொன்னால் மோட்டார் ஓடியது, பால் வாங்கி வரச் சொன்னால் பால் வந்தது. சேதி போய்ச் சேருகிற இடத்தில் சேர்ந்தபோது, கொண்டுபோகிறவனை யார் கவனிக்கிறார்கள்?

ஒரு நாள் துரையின் கன்னம் வீங்கியது. இரண்டு நாளாகத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருவரும் லீவு போட்டுவிட்டு, தூளியில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டர் இளம்பெண். வாயைத் திறந்து பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். அந்த நேரம் பின்னால் உதவியாளர் கையிலிருந்து ஒரு எஃகுத் தட்டு தரையில் விழுந்தது. அந்த அறையில் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். துரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

டாக்டர் அதன் தலைக்குப் பின்னால் போய்க் கை தட்டினாள். விசில் அடித்தாள். சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.

"எவ்வளவு நாளா காது கேக்கல?"

"கேக்குமே!" என்றாள் அவள். "நாங்க சொல்றது எல்லாத்தையும் கேப்பானே."

"சுத்தமா கேக்கலம்மா. காலிங் பெல்லுக்குக் குரைச்சு எவ்வளவு நாளாச்சு?"

அவள் யோசித்தாள். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல்நாள் மணி அடித்தபோது குரைத்தது. அதற்குப் பிறகு இல்லை. அவர்கள் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும்.

"அப்போ அதுலேயிருந்தே கேக்காம இருக்கும்" என்றாள் டாக்டர்.

அவளுக்கு முகம் சுட்டது. ஒன்றரை வருஷம். மோட்டார், பால், பட்டன், கேஸ், மகளுக்கு வாந்தி வருகிறதாம் என்ற நல்ல சேதி, தன் முட்டிவலி, கம்பெனியில் நடந்த சண்டை, எல்லாவற்றையும் அவள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்? ஊரே மெச்சிய வைராக்கியம் ஓட்டையாகிப்போய் இத்தனை காலமாகியும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள். "சார், பல் வேர்ல சீழ் கட்டியிருக்கு. மயக்க மருந்து கொடுத்து எடுக்கணும். வயசு பதிமூணு, இதயமும் முன்ன மாதிரி இல்ல. மயக்கத்துலேயே போயிடற ஆபத்து இருக்கு. எடுக்காம விட்டா சாப்பிடாது, வலியிலேயே கிடக்கும். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அந்த வாயை அவளுக்குத் தெரியும். அன்று ஃபோனில் பதில் சொன்னதும் அதுதான். இப்போதும் சொல்லப்போகிறார் என்று பற்களைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். வழக்கப்படி மேஜைமேல் குனிந்தார். "டேய், உங்கம்மாவை…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?"

மூன்று வருஷமாக அவள் எதிர்பார்த்த ஒரு வார்த்தை. வந்தபோது சந்தோஷப்பட நேரமில்லை. துரையின் கன்னம் சுடச்சுட அவள் உள்ளங்கையில் இருந்தது. மறுத்தால் மெல்லச் சாகும், சரி என்றால் இப்போதே செத்தாலும் சாகும். கேட்கப்படுவது இவ்வளவு பாரமான காரியம் என்று அவள் நினைத்ததில்லை.

"எடுத்துடலாம்" என்றாள், டாக்டரிடம் இல்லை, அவரிடம். "வலியோட வச்சிருக்க வேணாம்."

"சரி" என்றார் அவர்.

துரையை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மடித்த தூளி. எதிரே கூண்டில் ஒரு பூனை இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. லிஃப்ட் மோட்டார் இரண்டு தளம் மேலே லேசாகக் கரகரத்தாலே என்ன கோளாறு என்று காதால் சொல்லிவிடுகிற மனுஷன் இவர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"அவனுக்குக் காது கேக்காதுன்னு."

அவர் தூளியின் நாடாவை இழுத்து நேராக்கினார். "தெரியும்."

"எப்போலேருந்து?"

"அந்தப் பெல்லுக்கு அப்புறம் ஒரு வாரத்துல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேசறதை நிறுத்திடுவ."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷமாகத் தன்னை முட்டாளாக்கிப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கூடவே, அத்தனை நாளும் தன் பேச்சை ஒன்று விடாமல் கேட்க ஒருவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதும் புரிந்தது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் பூனையை முறைத்தாள்.

"இதையும் என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

"கேக்கல."

கதவு திறந்தது. டாக்டர் வந்து, "எடுத்தாச்சு, மூச்சு நல்லா இருக்கு" என்றபோது அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அவள் பார்க்காத மாதிரி தூளியைப் பிரித்து உதறினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். துரை தூளிக்குள் நாக்கை வெளியே விட்டு அரைமயக்கத்தில் கிடந்தது. ஏற்றத்தில் பாரம் பின்னால் பிடிப்பவருக்குத்தான் என்று அவர் கீழ்ப்பக்கம் வந்துவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் தூளி சுவரில் உரசியது.

"டேய், உங்கப்பாவை…" என்றாள் அவள். துரை குறட்டை விட்டது. நடுவில் வேறு யாரும் இல்லை.

"இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். "சுவர்ல இடிக்குது."

அவர் திரும்பினார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. தூளியை மெல்லத் தரையில் வைத்து, பிடியை விடாமல் நின்றார்கள்.

"அன்னிக்கு அந்த ஃபோனை எங்கிட்ட கொடுத்திருக்கணும்" என்றாள்.

"கொடுத்திருக்கணும்."

"நான் போயிருப்பேன்."

"தெரியும்" என்றார் அவர். "அதனாலதான் கொடுக்கல."

 அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. இனி அதை நேராகவே சொல்லிக்கொள்ளலாம். இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது, துரைக்குக் குளிரும்.

"தூக்குங்க" என்றாள்.