ஜெயிக்க ஆளில்லாத ஆட்டம்

ஹிமேஜியில் தெத்சுரோ வீட்டில் சண்டை வந்தால் தட்டு பறக்காது, டிவியைப் போடுவார்கள். 1984இல் போனஸ் பணத்தில் அவன் வாங்கி வந்த சிவப்பு வெள்ளை வீடியோ கேம் பெட்டி ஒன்று டிவிக்குக் கீழே எப்போதும் தயாராக இருக்கும். அதில் செருகியிருந்தது ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டம். வேறு ஆட்டம் வாங்க அவனுக்கும் பெண்டாட்டி யசுயோவுக்கும் தோன்றவே இல்லை. "பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு இந்தக் கண்ராவி எதுக்கு" என்று அவன் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்த வீட்டுச் சட்டம் இதுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துப்போகாத விஷயம் வந்தால் ஒன்பது இன்னிங்ஸ். தொடங்குமுன் இருவரும் தங்கள் கட்சியை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தவர் சொன்னதுதான் நடக்கும், தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. புத்தாண்டுக்கு யார் அம்மா வீட்டுக்குப் போவது என்பதிலிருந்து குளியலறைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுவரை அப்படித்தான் தீர்ந்தது. யசுயோ தன் முடிதிருத்தும் கடையைத் திறந்ததுகூட அப்படித்தான். மீன் சந்தைக்குப் பின்னால் இரண்டே நாற்காலி போட்ட கடை. ஏழுக்கு மூன்று என்று ஜெயித்து வாங்கிய கடை அது. தன் மகன் எப்படி இதற்குச் சம்மதித்தான் என்று மாமியார் கடைசிவரை மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை யசுயோ இன்றும் மறக்கவில்லை. போர்வை போட்ட சூடு மேசைக்குள் நான்கு கால்களும் முட்டிக்கொண்டு கிடக்கும். கன்ட்ரோலர் கம்பி குட்டை, அதனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆரஞ்சு உரித்த விரலோடு பொத்தானை அமுக்கி, எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். ஐயோ, என்ன காலம் அது.

1990 மார்ச்சில் அலுவலகத்தில் தெத்சுரோவைக் கூப்பிட்டு, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எங்கோ தூரத்துக் கொகுரா கிளை என்று சொல்லிவிட்டார்கள். குறைந்தது ஐந்து வருடம். கையில் இருந்தது பத்து நாள். அப்போதெல்லாம் இப்படி மாற்றல் வந்தால் ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு தனியாகப் போவான், ஒற்றை அறை எடுத்துத் தங்குவான், மாதம் ஒருமுறை அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வருவான். யாரும் அதைத் தப்பாகப் பேச மாட்டார்கள்.

யசுயோவுக்குக் கூடப் போக ஆசை. அதை எப்படிச் சொல்வாள்? ஆறு வருடமாக மாமியாரிடம் மல்லுக்கட்டி நடத்திய கடை. நானே வலியப் போய் மூடுகிறேன் என்றால் மானம் என்ன ஆவது. அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தாள். அவன் மூன்று நாளாகக் கேட்கவில்லை. சோறு சாப்பிட்டான், குளித்தான், தூங்கினான், கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே டிவியைப் போட்டாள்.

"நம்ம சட்டப்படி தீத்துக்கலாம்" என்றாள். "நான் ஜெயிச்சா கடை இருக்கும், நீங்க தனியாப் போங்க. உங்க கட்சி என்ன?"

தெத்சுரோ ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தான். "எதிர்க்கட்சின்னு ஒண்ணு வேணுமில்ல. நான் ஜெயிச்சா ரெண்டு பேரும் போறோம்."

"நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி சொல்றீங்க."

"வேற எப்படிச் சொல்றது."

இதிலிருந்து அவள் என்னத்தைக் கண்டுபிடிப்பாள்? நிஜமாகவே கூப்பிடுகிறானா, சட்டத்துக்காகச் சொல்கிறானா? அவள் மட்டும் ஒரு முடிவோடு இருந்தாள். தோற்றுவிட வேண்டும். தோற்றால், சட்டம், வேறு வழியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கௌரவமாகக் கிளம்பிவிடலாம்.

அணியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. அந்த ஆட்டத்தில் அணிக்குப் பெயர் கிடையாது, ஒற்றை எழுத்துதான். ஹிமேஜிக்காரர்களுக்கு T என்றால் உயிர், அது நம் பக்கத்து அணி. G என்றால் டோக்கியோக்காரன். யார் T எடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் கல், கத்தரி, காகிதம் போட்டுத் தீர்மானிப்பார்கள். தோற்றவர் G-ஐ விட்டுவிட்டு மீதி நான்கில் ஒன்றை எடுப்பார். ஹிமேஜியில் பிறந்தவன் பெற்ற தாயை அடகு வைத்தாலும் வைப்பான், G பக்கம் விரலைக் கொண்டுபோக மாட்டான்.

தெத்சுரோ கை நீட்டவே இல்லை. "நீ T எடுத்துக்கோ" என்றான். பேசாமல் G மேல் வைத்து அமுக்கினான்.

யசுயோ கணக்குப் போட்டாள். தோற்றே தீருவது என்று இருப்பவன்தான் அந்த வேண்டாத அணியை எடுப்பான். அவன் தோற்றால் என்ன நடக்கும்? தனியாகப் போவான். ஆக, துரைக்குத் தனியாகப் போக வேண்டும். பதினொரு வருடம் கூட இருந்தது போதும் என்றாகிவிட்டது. சொல்லத் தைரியமில்லாமல் இப்படிச் செய்கிறான்.

ஆட்டம் தொடங்கியது. அவள் நட்டநடுவாக, நத்தை வேகத்தில் பந்து போட்டாள். குழந்தைகூட அடிக்கும். அவன் மட்டையைத் தூக்கவில்லை. மூன்று பந்து, ஆள் வெளியே. அவள் முறை வந்தபோது அவனும் அதே மாதிரி போட்டான், அவளும் மரம் மாதிரி நின்றாள். இரண்டாம் இன்னிங்ஸில் அவள் பந்தை வேண்டுமென்றே ஒரு முழம் வெளியே வீசினாள், அப்படி நாலு பந்து போனால் அடிக்காமலே இலவசமாக ஓடலாம் என்று. அவன் அந்த எட்டாத பந்துக்கெல்லாம் மட்டையைச் சுழற்றி வெளியேறினான்.

"கண்ணு தெரியலையா?" என்றாள்.

"வயசாயிடுச்சு. உனக்கு ஏன் கை வழங்கல?"

"கத்தரி பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போச்சு."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது."

"உங்க கண்ணும்தான்."

ஐந்தாம் இன்னிங்ஸில் அவன் கை தவறி மட்டையில் ஒரு பந்து பட்டுவிட்டது. அந்த ஆட்டத்தில் பந்து பிடிப்பவர்கள் தாமாகவே ஓடிப் பிடிப்பார்கள். யசுயோவின் ஆள் ஒருவன், அவள் மனசு தெரியாத மடையன், விழுந்தடித்து ஓடிப் பிடித்துத் தொலைத்தான். அவள் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் தெத்சுரோ நிம்மதியாக மூச்சு விட்டது அவள் காதில் விழுந்தது. அந்த மூச்சுதான் அவளைக் கொன்றது. ஏழாம் இன்னிங்ஸில் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் கவனித்துவிடுவான் என்று துடைக்காமலே ஆடினாள்.

ஒன்பதாம் இன்னிங்ஸ் பாதி முடிந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கடைசியாக மட்டை பிடிப்பது அவள் முறை. இரண்டு பேர் நின்றபடியே வெளியேறியாயிற்று, ஒருவன்தான் பாக்கி. தெத்சுரோ பந்தை வீசவில்லை.

"போடுங்க" என்றாள்.

அவன் கையிலிருந்தது இரண்டாம் கன்ட்ரோலர். அந்தப் பெட்டியில் இரண்டாவதற்கு மட்டும் ஓரத்தில் ஒரு சின்ன மைக் உண்டு, பேசினால் குரல் டிவியிலிருந்து வரும். எதற்கு வைத்தார்களோ, இந்த ஆட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. தெத்சுரோ அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சேர்ந்து போகணும்னுதான் எனக்கு ஆசை" என்றது டிவி, கரகரவென்று. "உன் கடையை மூடுன்னு சொல்ல வாய் வரல. தோத்துட்டா சொல்ல வேண்டாம்னு பாத்தேன். நீ அடிக்கவே மாட்டேங்கற."

யசுயோ டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் அவனுடைய ஒன்பது குட்டி ஆட்களும் அசையாமல் நின்றார்கள்.

"அடப்பாவி மனுஷா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருந்தா என்ன? நான் எதுக்கு வெளியில வெளியில பந்து போட்டேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். புரிவதற்கு அவனுக்கு ஒரு ஆரஞ்சு சாப்பிடுகிற நேரம் பிடித்தது. பிறகு காது மடல் சிவந்தது.

"அப்போ நீயும் தோக்கத்தான்..."

"வாயை மூடிட்டு ஒழுங்காப் போடுங்க. ஒரு பந்தாவது நிஜமா ஆடுவோம்."

தெத்சுரோ இப்போது ஜெயிக்க வேண்டியவன். ஆறு வருடப் பழக்கத்தையெல்லாம் திரட்டி, மூலை பார்த்து வேகமாகப் போட்டான். நல்ல பந்துதான். ஆனால் நல்ல பந்தைக் கண்டுவிட்டால் யசுயோவின் கட்டைவிரலுக்குப் புருஷன் தெரியாது, கொகுரா தெரியாது. அமுக்கிவிட்டாள். பந்து மேலே போனது, சுவரைத் தாண்டியது. அவளுடைய ஆள் நான்கு மூலையையும் நிதானமாகச் சுற்றி வந்தான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

டிவியில் ஹோம் ரன் இசை ஒலித்து முடிந்தது.

தெத்சுரோ கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தான். "ஜெயிச்சிட்டே" என்றான். "சட்டம் சட்டம்தான். கடை இருக்கும். நான் தனியாப் போறேன்."

"சட்டம் என்ன சொல்லுது? ஜெயிச்சவ சொன்னதுதான் நடக்கும்."

"ஆமா. நீ சொன்னதுதானே அது."

"ஜெயிக்கறதுக்கு முன்னாடி சொன்னது அது. ஜெயிச்சப்புறம் சொல்றேன், கேட்டுக்கோங்க. கடைச் சாவியை நாளைக்குக் கட்டட ஓனர்கிட்ட கொடுத்திடுவேன். ரெண்டு டிக்கெட் எடுங்க. தோத்தவர் முகத்தைத் தூக்கக் கூடாது."

தெத்சுரோ முகத்தைத் தூக்கவில்லை. சூடு மேசைப் போர்வையை இழுத்து அதில் புதைத்துக்கொண்டான், நெடுநேரம் எடுக்கவே இல்லை.